ஒன்பது மணிக்குத் தூங்கிவிடும் திருடர்கள்

"கையை நீட்டு" என்றாள் சித்தி.

நீட்டினேன். ஐந்து விரலும் ஐந்து திசையில் நடுங்கின.

"இந்தா, இதைக் குடி முதல்ல." தேநீர்க் கோப்பையை என் கையில் திணித்தாள். பாதி என் வாய்க்கு வருவதற்குள் தரைக்குப் போய்விட்டது.

"மேடம், எழுதிக்கலாமா? முதல் சாட்சி, தரை. பாதி டீயைக் குடிச்சுட்டு வாயைத் திறக்க மாட்டேங்குது" என்றார் கண்டக்டர்.

சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை. சலவைக்கடைக்கு மேலே ஒரே ஓர் அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். கீழே இஸ்திரி போடப்போட ஆவி மேலே வரும். அந்தப் புழுக்கத்தில் பொய் சொல்ல வந்தவர்கள் பாதியிலேயே உண்மையைச் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள் என்பது அவள் நம்பிக்கை. கண்டக்டர் அவளுடைய உதவியாளர். தலை நரைக்கும்வரை பேருந்தில் டிக்கெட் கிழித்தவர். "ஏறும்போதே எவன் டிக்கெட் எடுக்காம இறங்குவான்னு மூஞ்சியைப் பார்த்தாத் தெரிஞ்சுடும்" என்ற ஒரே தகுதியைச் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தார்.

நான் அன்று காலைவரை பள்ளிக்கூடத்தில் படிக்கிற, கிடைத்த நேரத்தில் படம் வரைகிற ஒரு பெண். காலை ஒன்பது மணிக்கு மேல் திருடி.

"வந்ததைப் படி. சத்தமா."

போனைப் பார்த்துப் படித்தேன். மழலைப் பாட்டுப் போட்டிக் குழு எழுதியிருந்தது. ரசிகர்களே ஓட்டுப் போட்டுச் சிறந்த குழந்தைப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் போட்டி அது. எங்கள் 'கொசுவார்' பாட்டுக்கு விழும் ஓட்டுகள் மனிதர்கள் போட்டவையாகத் தெரியவில்லையாம். மாலை ஐந்து மணிக்குள் விளக்கம் தராவிட்டால் பாட்டை நீக்குவார்களாம். குரல் கொடுத்தவர், படம் வரைந்தவர் இருவர் பெயரையும் காரணத்தோடு வெளியிடுவார்களாம்.

படம் வரைந்தவள் நான். குரல் கொடுத்தவள் அம்மா.

உங்களிடம் சொல்வதற்கென்ன, என் பெயர் நாறினால்கூட நான் போர்வைக்குள் சுருண்டுகொண்டு பிழைத்துவிடுவேன். அம்மாவால் முடியாது. அவளுக்குக் குழந்தைக் குரல் கொடுப்பதுதான் தொழில். விளம்பரத்தில் ஒரு குட்டிப்பயல் "இன்னும் ஒண்ணு!" என்று அடம்பிடித்தால் அது என் அம்மா. படத்தில் கைக்குழந்தை வீறிட்டு அழுதால் அதுவும் என் அம்மா. இத்தனை வருஷத்தில் எங்கேயும் அவள் பெயர் வந்ததில்லை. இந்தப் பாட்டைத்தான், வீட்டுப் பீரோவுக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, கதவை மூடிக்கொண்டு, வியர்த்து வழிய அவளே எழுதிப் பாடினாள். அவள் பெயர் முதல்முதலாக ஒரு பாட்டுக்குக் கீழே வந்தது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'ஓட்டுத் திருட்டு' என்று ஒட்டிவிட்டால் நாளைக்கு எந்த ஸ்டூடியோ கூப்பிடும்?

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது சித்தி. ரெக்கார்டிங்ல இருக்கா. சாயங்காலம் வரைக்கும் போன் அணைச்சிருக்கும்."

"நல்லது. அவ வெளியே வர்றதுக்குள்ள முடிச்சுடுவோம்." சித்தி செருப்பை மாட்டினாள். "ஒரே ஒரு கேள்வி. நீ பண்ணியா?"

"சத்தியமா இல்லை."

சித்தி கண்டக்டரைப் பார்த்தாள். அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார்.

"டிக்கெட் எடுத்த முகம் மேடம். போலாம், ரைட்."

* * *

போட்டி அலுவலகச் சுவர் முழுக்கச் சிரிக்கும் யானைகள், தொப்பி போட்ட முயல்கள். அவற்றுக்கு நடுவே சிரிப்பே இல்லாத ஓர் ஆள், கழுத்தில் ஹெட்போனுடன், திரையை முறைத்துக்கொண்டிருந்தார். ஓட்டுக் கணக்கு அவர் பொறுப்பு. கண்டக்டர் அந்த நிமிஷமே அவருக்கு 'ஹெட்போன்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஓட்டுதான்" என்றார் ஹெட்போன். "பாட்டைக் கேட்காமலே யாரும் ஓட்டுப் போட்டுடக் கூடாதுன்னு, பாட்டு முக்கால்வாசி ஓடினதுக்கு அப்புறம்தான் பட்டனே காட்டுவோம். அவ்ளோ ஜாக்கிரதையா இருக்கோம். இப்ப இந்தக் கொசுவோட லட்சணத்தைப் பாருங்க."

திரையில் புள்ளிகள் கொத்துக்கொத்தாகத் தெரிந்தன. 

"நிறைய போனுங்க பட்டனை ஒரு தடவையோட விடலை. டப டப டபன்னு ஏழு தடவை, எட்டு தடவை. மனுஷன் இப்படி அமுக்குவானா? மெஷின்தான் அமுக்கும். அதுலயும் காலையில ஒரு கொத்து, மத்தியானம் ஒரு கொத்து, சாயங்காலம் ஒரு கொத்து. இது திட்டம் போட்டுப் பண்ற கும்பல்."

"மத்தியானத்துக்கு அப்புறம் ஏன் இங்க காலியா இருக்கு?" சித்தி ஓர் இடத்தைத் தொட்டாள்.

"தெரியலை. ரெண்டு மணி நேரம் இந்த டப டப ஒண்ணுமே வராது."

"ராத்திரி?"

"ஒன்பது மணிக்கு மேல சுத்தமா நின்னுடும்."

கண்டக்டர் உதட்டைப் பிதுக்கினார். "மத்தியானம் ஒரு தூக்கம், ஒன்பது மணிக்கு ஒரு தூக்கம். திருட்டுக் கும்பல்னா இப்படி இருக்கணும் மேடம். உடம்பை நல்லாப் பார்த்துக்கறாங்க."

ஹெட்போன் சிரிக்கவில்லை. "இதையும் பாருங்க. பாட்டுக்குக் கீழே கருத்துன்னு போட்டிருக்காங்க." வரிவரியாக ஓடியது: 'கககக்ஃஃஜ', 'மமமமமபப', அடுத்து பதினைந்து கேள்விக்குறி, ஒரு மாட்டுப் படம். "சங்கேத மொழின்னு சந்தேகப்படறோம்."

"மாடு எதைக் குறிக்குது?"

"அதைத்தான் ஆராய்ஞ்சுக்கிட்டிருக்கோம்."

சித்தி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். எதையோ அடக்குகிறாள் என்று தெரிந்தது. இருமலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"மத்த பாட்டுங்க எப்படி?"

"முதல் இடத்துல இருக்கற 'கரடிக்குட்டி'யைப் பாருங்க. பெரிய கம்பெனி." இன்னொரு திரை வந்தது. புள்ளிகள் கோடு போட்டதுபோல் சீராக இருந்தன. "ஒரு போன், ஒரு அமுக்கு. கோலம் மாதிரி எவ்வளவு ஒழுங்கு! உங்க மேல புகார் கொடுத்ததே அவங்கதான். ரெண்டாவது இடத்துல இருந்து கொசு விரட்டுதேன்னு பயப்படறாங்க."

"கொசு வந்து கரடியை விரட்டுதா? காடே கெட்டுப்போச்சு" என்றார் கண்டக்டர்.

சித்தி அந்தக் கோட்டைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "கொசுவுக்கு ஓட்டுப் போட்ட யாராவது ஒருத்தரை நான் நேர்ல பார்க்கணும்."

"யாருன்னு எங்களுக்கே தெரியாது. ஆனா ஒருத்தர் மட்டும் தானா வந்து மாட்டினார்." ஹெட்போன் குரலைத் தாழ்த்தினார். "ஓட்டுப் போட்டவங்களுக்கு மறுநாள் நன்றின்னு ஒரு செய்தி அனுப்புவோம். ஒரு வக்கீல் போன் பண்ணி வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். நான் ஓட்டே போடலை, எதுக்குடா எனக்கு தினமும் நன்றி சொல்றீங்கன்னு. அதாவது, அவருக்கே தெரியாம அவர் போன் ஓட்டுப் போடுது. யாரோ உள்ளே புகுந்திருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இங்கேயும் ஒரு கோப்பை கையில் இருந்திருந்தால் முழுசும் கொட்டியிருப்பேன்.

* * *

வக்கீல் வீட்டுக்குப் பேருந்தில் போனோம். டிக்கெட் கொடுத்த இளைஞரிடம் நம் கண்டக்டர், "தம்பி, கிழிக்கும்போது கட்டை விரலை இப்படி வைக்கணும்" என்று பாடம் எடுத்தார். அந்த இளைஞர், "ஐயா, இது மெஷின்ல வர்ற டிக்கெட்" என்றார். நம்மவர் மூன்று நிறுத்தம் வரைக்கும் பேசவில்லை.

என் மண்டைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. "சித்தி, மத்தவங்க போனுக்குள்ள புகுந்தா போலீஸ் வருமா?"

"வரும்."

"நான் புகலையே."

"அப்ப உன்கிட்ட வராது."

"எங்க பாட்டுக்காக வேற யாராவது புகுந்திருந்தா? அப்பவும் எங்களைத்தானே கேட்பாங்க?"

சித்தி என் உள்ளங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்கிறவள் அல்ல. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

வக்கீல் நெடுநெடுவென்று இருந்தார். மேலே கழுத்துப்பட்டை, வெள்ளைச் சட்டை. கீழே வீட்டில் போடும் அரைக்கால் டிரவுசர். திரையில் ஏதோ விசாரணையை முடித்துவிட்டு அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும்.

"நீங்கதான் அந்தக் கொசுவா?" என்றார் எடுத்த எடுப்பில்.

"கொசுவோட சித்தி" என்றாள் சித்தி.

"அம்மா, நேத்து நீதிபதி முன்னாடி நிக்கறேன். எதிர்க்கட்சிக்காரன் பொய் சாட்சி சொல்றான்னு வாதாடிக்கிட்டிருக்கேன். என் போன் சத்தமா படிக்குது: 'கொசுவாருக்கு நீங்கள் காட்டும் அன்புக்கு நன்றி!' நீதிபதி என்னைப் பார்க்கறார். 'வக்கீல் ஐயா, அன்பைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே'ங்கறார். எனக்கு எப்படி இருக்கும்?"

கண்டக்டர் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"நீங்க ஓட்டுப் போடலை?"

"நான் எதுக்கும்மா கொசுவுக்கு ஓட்டுப் போடறேன்? நிஜத் தேர்தலுக்கே யோசிச்சுப் போடறவன் நான்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். அம்மாவின் பெயர் அச்சாகி வருவது கண் முன்னால் தெரிந்தது. எதிராளி வக்கீல் வேறு. சாட்சிக் கூண்டில் ஏற்றி என்னை உரித்துவிடுவார்.

"போனைக் காட்டுங்க, பார்க்கலாம்" என்றாள் சித்தி.

அவர் நீட்டினார். கொடுக்கவில்லை, பிடித்துக்கொண்டே காட்டினார். சித்தி செய்தியைப் படிக்கவில்லை. போனைச் சன்னல் பக்கம் சாய்க்கச் சொல்லி, வெளிச்சத்தில் திரையைப் பார்த்தாள். பிறகு என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். கண்ணாடி முழுக்கப் பளிங்கு மாதிரி இருந்தது. கீழே வலது மூலையில் மட்டும் மெழுகியதுபோல் ஒரு பிசுபிசுப்பு.

"ஐயா, குழந்தைக்கு என்ன வயசு?"

"ஒன்றரை. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டவர் சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயோ, பசிக்குமே அவளுக்கு! இவ அம்மா ஆபீஸ் போயிட்டா, மத்தியானம் நான்தான் ஊட்டணும். உள்ளே வாங்க, பேசிக்கிட்டே ஊட்டறேன்."

சமையலறையில் உயரமான நாற்காலியில் ஒரு குண்டுக் கன்னம் உட்கார்ந்திருந்தது. வக்கீல் மசித்த வாழைப்பழத்தைக் கரண்டியில் எடுத்தார். குண்டுக் கன்னம் வாயைத் தைத்துக்கொண்டது.

"போனுக்குப் பூட்டு இருக்கா?" என்றாள் சித்தி.

"இல்லாம? கட்சிக்காரங்க ரகசியம் அத்தனையும் இதுலதான் இருக்கு." பேசிக்கொண்டே பூட்டைத் திறந்தார்.

"வேற யார் தொடுவாங்க?"

"யாரும் தொட முடியாது. என் மனைவியே கேட்டுட்டுத்தான் எடுப்பா." பேசிக்கொண்டே எதையோ தட்டி, போனைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து, குண்டுக் கன்னத்தின் முன்னால் வைத்தார். "இது விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு. யார் கையிலயும் கொடுக்கறதே இல்லை."

போனிலிருந்து என் அம்மா பாடினாள்.

'கொசுவாரே கொசுவாரே
கூப்பிடாம வந்தீரே
காதுக்குள்ள கச்சேரி
யாரு வைக்கச் சொன்னாரே!'

வாய் திறந்தது. கரண்டி உள்ளே போனது. வக்கீல் எங்களைப் பார்த்தபடியே அடுத்த கரண்டியை எடுத்தார். தன் கை என்ன செய்தது என்று அவருக்கே தெரியவில்லை.

சித்தி உதட்டில் விரலை வைத்தாள். நாங்கள் மூவரும் குனிந்தோம்.

பாட்டின் கடைசிப் பகுதி வந்தது. என் கொசுவார் கட்டிலைச் சுற்றிவிட்டு, தலையணையில் வழுக்கி, மெதுவாகக் கீழே வலது மூலைக்கு வந்து உட்கார்ந்தார். அங்கேதான் படத்தில் காலி இடம் இருந்தது. மற்ற இடமெல்லாம் கட்டில், பொம்மை, பாட்டு வரிகள். அம்மாவின் குரல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "அசையாதே... அசையாதே... அடி!" என்றது.

அதே நொடியில், அதே மூலையில், கொசுவாருக்கு மேலேயே ஒரு சிவப்பு இதயம் முளைத்தது. 'எனக்கு ஓட்டுப் போடுங்கள்.'

பட்! பட்! பட்! பட்! பட்!

வாழைப்பழம் என் மூக்குவரை தெறித்தது. குண்டுக் கன்னம் கெக்கெக்கே என்று சிரித்தது. அடித்த கை அப்படியே வழுக்கி, கீழே இருந்த கருத்துப் பெட்டியைத் திறந்து, எழுத்துப் பலகையைத் தேய்த்தது. திரையில் 'மமமமமகக்ஃ' என்று வந்தது. கடைசியாக ஒரு மாடு.

கண்டக்டர் பெருமூச்சு விட்டார். "மேடம், கும்பல் தலைவி கிடைச்சுட்டாங்க. சங்கேத மொழியில வாக்குமூலமும் கொடுத்துட்டாங்க. விலங்கு மாட்டலாம்னா மணிக்கட்டுல நிக்காது."

வக்கீல் கரண்டியோடு நின்றார். போனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். நேற்று நீதிபதி சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இவ என் கட்சிக்காரி. இனிமே என் முன்னிலையில மட்டும்தான் பேசுவா" என்றார் மெதுவாக.

* * *

போட்டி அலுவலகத்துக்குத் திரும்பியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. படிக்கட்டில் சித்தி நிறுத்தினாள்.

"கம்ப்யூட்டர்ல பார்த்தா பட்டன் படத்துக்குக் கீழே தனியா வருது. போன்லதான் படத்து மேலயே வருது. நீ கம்ப்யூட்டர்ல மட்டும்தானே பார்த்தே?"

"ஆமா சித்தி. என் போன் பழசு, வீடியோ திக்கும்."

"சரி. இப்ப நான் உள்ளே போய் உண்மையைச் சொன்னா உன் பேரும் அக்கா பேரும் தப்பிச்சுடும். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோ. அடி, ஓட்டு ஆகாது. அடிச்சதெல்லாம் கழிச்சுடுவாங்க. ரெண்டாவது இடம் போயிடும். எத்தனாவதா நிப்பீங்கன்னு சொல்ல முடியாது."

"வேற மாதிரி சொல்ல முடியுமா?"

"முடியும். போன் தானா ஓட்டுப் போட்டதுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு மட்டும் சொல்லலாம். சந்தேகத்தோட பலன்னு விட்டாலும் விடுவாங்க. ஓட்டும் மிஞ்சும்."

கண்டக்டர் சன்னல் பக்கம் பார்த்தார். 

பீரோவுக்குள்ளிருந்து வியர்வையோடு வெளியே வந்து, "இந்தப் பாட்டு யாருக்காவது பிடிக்குமாடி?" என்று கேட்ட அம்மாவை நினைத்துக்கொண்டேன். வாழைப்பழக் கைகளின் எண்ணிக்கையை அவளிடம் பதிலாகக் கொடுக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மிச்சம் பத்தே பத்து நின்றால்? அதை எப்படிச் சொல்வேன்?

"உண்மையையே சொல்லிடுங்க சித்தி" என்றேன். 

உள்ளே போட்டித் தலைவி உட்கார்ந்திருந்தார். சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, கண்டிப்பான கொண்டை. ஹெட்போன் பக்கத்தில். எதிர் நாற்காலியில் கோட்டுப் போட்ட ஒருவர், 'கரடிக்குட்டி' கம்பெனி மேலாளர், கால்மேல் கால் போட்டிருந்தார்.

சித்தி வாயால் அதிகம் விளக்கவில்லை. வக்கீல் வீட்டில் கண்டக்டர் தன் போனில் எடுத்திருந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். பட் பட் பட் என்ற சத்தம் அறையை நிறைத்தது. தலைவி கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"ஏழு தடவை அமுக்கறது மெஷின் இல்லைம்மா. மெஷினுக்கு ஒரு தடவை போதும். தான் அமுக்கறது ஓட்டுன்னே தெரியாதவங்கதான் ஏழு தடவை அமுக்குவாங்க. காலையில, மத்தியானம், சாயங்காலம்னா சாப்பாட்டு நேரம். நடுவுல ரெண்டு மணி நேரம் தூக்கம். ஒன்பதுக்கு மேல மறுபடி தூக்கம்."

"அப்ப அந்த மாடு?" என்றார் ஹெட்போன் மெல்ல.

"அது மாடுதான் தம்பி" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணு கேட்கலாமா?" சித்தி தலைவியைப் பார்த்தாள். "பட்டனை வடிவமைச்சீங்க, குழு கூடிப் பார்த்தீங்க, நடுவர்கள் பார்த்தாங்க. குழந்தைப் பாட்டுப் போட்டி இது. ஒரே ஒரு குழந்தைகிட்டயாவது கொடுத்துப் பார்த்தீங்களா?"

சுவரில் யானைகளும் முயல்களும் சிரித்துக்கொண்டே இருந்தன. மற்ற யாரும் சிரிக்கவில்லை.

கோட்டுக்காரர் கைதட்டினார். "அருமை! ஆக, ஓட்டு செல்லாதுன்னு இவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஜாக்கிரதை இல்லாத கூட்டம்னா இப்படித்தான். எங்க ரசிகர்களைப் பாருங்க. ஒருத்தர்கூட ரெண்டாவது தடவை தொடலை. ஒழுக்கம்!"

"அதைத்தான் நானும் யோசிச்சேன்" என்றாள் சித்தி. "எங்க திருடங்க ஒன்பது மணிக்குத் தூங்கிடறாங்க. உங்க ரசிகர்கள் எப்பத்தான் தூங்குவாங்க? அந்தக் கோட்டுல ராத்திரி ரெண்டு மணி, மூணு மணின்னு ஒரு இடைவெளிகூட இல்லையே?"

"வெளிநாட்டு ரசிகர்கள் இருக்காங்க."

"இருக்கட்டும். குழந்தை இருக்கற வீட்டு போன்ல பட்டன் ஒரு தடவைதான் அமுங்கும்னா, அந்தக் குழந்தை எந்த உலகத்துல இருக்குன்னு எனக்குத் தெரியலை. தம்பி ஹெட்போன்..."

"என் பேரு..."

"பட்டன், பாட்டு முக்கால்வாசி ஓடினதுக்கு அப்புறம்தானே வரும்? கரடிக்குட்டி ஓட்டு எதையாவது ஒண்ணை எடுங்க. பாட்டைத் திறந்ததுக்கும் ஓட்டு விழுந்ததுக்கும் நடுவுல எவ்ளோ நேரம்னு பாருங்க."

ஹெட்போன் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். பத்துப் பன்னிரண்டைத் தட்டினார். அவர் காது சிவந்தது.

"திறந்த உடனே விழுந்திருக்கு" என்றார். "பட்டன்... பட்டன் வர்றதுக்கு முன்னாடியே."

"இல்லாத பட்டனை எப்படிங்க அமுக்கினாங்க?" என்றார் தலைவி. அவர் பார்வை கோட்டுப் பக்கம் திரும்பியது.

கோட்டுக்காரர் காலை இறக்கினார். "எங்க விளம்பர ஏஜென்சிதான் இதெல்லாம் பார்த்துக்கறாங்க. எனக்கு..."

"பஸ்ஸே வரலை, அதுக்குள்ள ஆயிரம் டிக்கெட் கிழிச்சிருக்கீங்க சார்" என்றார் கண்டக்டர். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு வண்டியைப் பார்த்ததே இல்லை."

"இதை நீங்க ஏன் பார்க்கலை?" தலைவி ஹெட்போனிடம் கேட்டார்.

"புகார் வந்த பாட்டைத்தான் மேடம் சோதிப்போம்" என்றார் அவர். "புகார் கொடுத்தவங்க பாட்டை யாரும் சோதிக்கறதில்லை."

கோட்டுக்காரர் போனில் யாரையோ கூப்பிட்டபடி வெளியே போனார். கதவைச் சாத்துவதற்குக்கூட நிற்கவில்லை.

தலைவி எழுந்து என் பக்கம் வந்தார். "உன் பேர்ல தப்பு இல்லைம்மா. உங்க அம்மா பேர்லயும் இல்லை. எழுத்துல தர்றேன். கரடி இன்னைக்கே வெளியே போகுது. ஆனா அந்த அடிகளை..."

"கழிச்சுடுங்க" என்றேன்.

ஹெட்போன் கழித்தார். நான் பார்க்கவில்லை. சுவரில் ஒரு முயலின் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாலாவது இடம்" என்றார்.

* * *

அம்மாவின் போன் மணி அடித்ததும் உடனே எடுத்தாள். அப்போதுதான் வெளியே வந்திருக்க வேண்டும். பின்னால் லிப்ட் கதவு மூடும் சத்தம்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். கடிதம், சித்தி, வக்கீல், வாழைப்பழம், கழித்தது, எல்லாம். முன்னால் சொல்லாததற்குத் திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"நாலாவதும்மா" என்றேன் மறுபடி. "ரெண்டாவதா இருந்தது. நான்தான் கழிக்கச் சொன்னேன்."

"கழிச்சப்புறம் எவ்ளோ நின்னுச்சு?"

"நானூத்திச் சொச்சம். பாட்டைக் கேட்டுட்டு, ஒரே ஒரு தடவை அமுக்கினது."

"நானூறா?" அது விளம்பரக் குழந்தையின் குரல் அல்ல, என் அம்மாவின் சொந்தக் குரல். கொஞ்சம் கரகரப்பானது, யாரும் காசு கொடுத்துக் கேட்காதது. "நம்ம சொந்தபந்தம், ஸ்டூடியோ ஆளுங்க, மாடி வீட்டுக்காரங்க எல்லாத்தையும் சேர்த்தாலும் நாப்பது பேரு தேற மாட்டாங்களேடி. மீதிப் பேரெல்லாம் யாரு?"

"தெரியலைம்மா. யாரோ."

"யாரோவா?"

"ஆமாம்மா. யாரோ."

லிப்ட் எங்கேயோ நின்றது. கதவு திறந்தது, மூடியது. அவள் இறங்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.